மெட்டாலிகாவுக்கு ஒரு திறந்த மடல்: அந்த பேஸைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்

ஹெவி மெட்டல் இசைக்குழுவினரான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், லார்ஸ் உல்ரிக், கிர்க் ஹேமட் மூவருக்கும் வணக்கம்.

இப்போது உங்களோடு பேஸ் (கீழ்சுரங்களைத் தரும் கிட்டார்) வாசிக்கும் ராபர்ட் ட்ருஹீயோவை வேண்டுமென்றேதான் விட்டேன். அவர் வந்தது 2003-இல். இந்த வழக்கில் அவருக்குப் பங்கில்லை. நான் பேச வந்தது 1988-இல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் காதில் விழாதது பற்றி.

நேற்று இரவு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 65 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்டேன். முதல் பாட்டு 'பிளாக்கண்ட்' தொடங்கியதுமே கிட்டார்கள் ரம்பமாய் அறுக்கின்றன. லார்ஸின் கிக் டிரம், மேஜையில் விரல் முட்டியால் தட்டுவதுபோல 'டக் டக்' என்கிறது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். காதுதான் வலித்தது. இத்தனைக்கும் அந்தப் பாட்டை எழுதியவர்களில் அப்போது பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட்டும் ஒருவர். அட்டையில் பெயர் இருக்கிறது, பாட்டில் ஆளைக் காணோம்.

காரணங்கள் தெரியாமல் இல்லை. ஜேம்ஸின் ரிதம் கிட்டாரை அப்படியே ஒட்டி ஜேசன் வாசித்தார். அந்த கிட்டாரோ கீழ்சுரங்களையும் தானே விழுங்கிவிட்டது. மிக்ஸிங் (ஒவ்வொரு கருவியின் சத்தத்தையும் கூட்டிக் குறைத்துக் கலப்பது) நடந்தபோது நீங்கள் கச்சேரிப் பயணத்தில் இருந்தீர்கள். சரி. ஆனால் மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்சன், பேஸைக் குறைக்கச் சொன்னதே லார்ஸ்தான் என்று பேட்டிகளில் போட்டு உடைத்துவிட்டாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் பஸ் கவிழ்ந்து, அதுவரை உங்களோடு பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் போனார். துக்கம் ஆறுவதற்குள் அந்த இடத்துக்குப் புதிதாக ஜேசன். அவர்மேல் கோபம் திரும்பியது என்றால் புரிந்துகொள்ள முடிகிறது. எனக்கு உறுத்துவது அதே ஆல்பத்தின் 'டு லிவ் இஸ் டு டை'. கிளிஃப் விட்டுச்சென்ற ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்குகளை) வைத்துக் கோத்த, பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான அஞ்சலி அது. ஒரு பேஸ் கலைஞனுக்கான அஞ்சலியிலும் பேஸைத் துழாவ வேண்டியிருக்கிறதே! இதை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, என்னமோ செய்கிறது.

2018-இல் அந்த ஆல்பத்தின் ரீமாஸ்டர் (ஒலியை மெருகேற்றிய மறுவெளியீடு) வந்தபோது ஆசையோடு காத்திருந்தேன். டெமோக்கள், ரஃப் மிக்ஸ்கள் எல்லாம் பெட்டி நிறையத் தந்தீர்கள். பேஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வரலாற்றை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டீர்கள். நான் மாற்றச் சொல்லவில்லை. பழையது பழையபடியே இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு மிக்ஸை வையுங்கள் என்கிறேன். ரசிகர்கள் வீட்டிலேயே பேஸைச் சேர்த்து எத்தனையோ வடிவங்கள் செய்துவிட்டார்கள். சிலவற்றைக் கேட்டேன். 'பிளாக்கண்ட்' திடீரென்று தரையில் கால் ஊன்றி நிற்கிறது.



2012 முதல் உங்கள் மாஸ்டர் டேப்கள் (மூல ஒலிப்பதிவுகள்) உங்கள் கையிலேயே இருக்கின்றன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முடிந்தால் மிக்ஸிங் அறைக்கு ஜேசனையும் கூப்பிடுங்கள்.

எல்பி வாங்கக் காசு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாற்பதைத் தாண்டியும் தலையாட்டுவதை விடாத ஒரு ரசிகன்