‘சீரியல் மாதிரி’ என்று ஒதுக்குவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழ் விமர்சனத்தில் ஒரு புதுப்படத்தை ‘சீரியல் மாதிரி இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். படம் சுமார்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சரியாக வராத எதையும் சீரியல் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் உங்களைப் போன்ற நல்ல பத்திரிகைக்கும் வந்துவிட்டதே என்றுதான் வருத்தம்.

சீரியலிலிருந்து வந்த ஒருவரை உதாரணமாகச் சொல்கிறேன். சீமா பாஹ்வாவை இங்கே பலருக்கும் ‘பரேலி கி பர்ஃபி’ மாதிரி இந்திப் படங்களில் வரும் அம்மாவாகத் தெரிந்திருக்கும். அவர் முதலில் ஊரறிந்தது 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடரில். மெக்சிகோ தொடர்களின் பாணியில், குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களைக் கதையோடு சொல்வதற்காக எடுக்கப்பட்ட தொடர் அது. இந்தியாவின் முதல் நெடுந்தொடர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். குடிகார அப்பா, வாயில்லாத அம்மா, தாத்தா பாட்டி, வேலை தேடும் பிள்ளை, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள். அந்த வீட்டின் மூத்த மகள் பட்கியாக நடித்தவர்தான் சீமா. 1985 டிசம்பரில் தொடர் முடிவதற்குள் 150க்கும் மேற்பட்ட பகுதிகள் வந்துவிட்டன.

அதன்பிறகு நாடகம், தொலைக்காட்சி, சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள் என்று 30 வருடத்துக்கு மேல் ஓடியது. அவர் முதன்முதலாக எழுதி இயக்கிய ‘ராம்பிரசாத் கி தேர்வி’ 2019இல் மும்பை திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2021 ஜனவரி முதல் தேதி தியேட்டருக்கு வந்தது. ‘மசான்’, ‘நியூட்டன்’ படங்களை எடுத்த த்ரிஷ்யம் பிலிம்ஸ்தான் இதிலும் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

கதை என்று பார்த்தால் ஒரு இழவு வீடு, அவ்வளவுதான். லக்னோவில் பெரியவர் இறந்துபோகிறார். மகன்கள், மகள்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்குகிறார்கள். ‘தேர்வி’ என்று சொல்லும் பதின்மூன்றாம் நாள் காரியம் முடியும்வரை அத்தனை பேரும் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். அப்பா வாங்கி வைத்த கடனை யார் அடைப்பது, அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வளர்கிறது. சினிமாவில் நடிக்க ஆசைப்படும் சின்ன மருமகளைப் பற்றி மற்ற மருமகள்கள் தனியாக முணுமுணுக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் சுப்ரியா பாடக் நடித்த அம்மா பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். துக்கம் யாருடையதோ அவரிடம் பேசத்தான் அங்கே யாருக்கும் நேரமில்லை. நம்மூர் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்வந்த எவருக்கும் இது புதிதல்ல. நான் அந்த அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு கூடத்தில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, யார் யாரைப் பார்க்காமல் பேசுகிறார்கள், யார் பேச்சைக் கேட்டு யார் எழுந்து போகிறார்கள் என்பதைக் குழப்பமில்லாமல் காட்டுவது லேசான வேலை இல்லை. பெரிய பட்ஜெட் படங்களில்கூட இப்படிப்பட்ட காட்சியில் ஆட்கள் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் வரிசையாக நிற்பார்கள். சீமாவுக்கு இது கைவந்திருக்கிறது என்றால், ஹம் லோக் வீட்டுக்குள் அவர் இருந்த காலத்துக்கு அதில் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்தப் படத்தில் மூத்த மகனாக வரும் அவருடைய கணவர் மனோஜ் பாஹ்வாவும் அதே தொடரில் நடித்தவர்தான்.

சிறந்த அறிமுக இயக்குநருக்கான ஃபிலிம்ஃபேர் விருது சீமாவுக்குக் கிடைத்தது. நல்லது. ஆனால் அறிமுகமாவதற்கு ஒரு பெண் ஏன் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? விருது கொடுத்தவர்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நாமும் கேட்கவில்லை.

நம் சின்னத்திரையில் இருபது, முப்பது வருடமாக அம்மாவாகவும் மாமியாராகவும் நடிப்பவர்கள் இருக்கிறார்கள். தினமும் இத்தனை காட்சி எடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், கையில் கொடுத்த வசனத்தை அங்கேயே படித்து, ஒரே டேக்கில் கண்ணீர் வரவழைக்கிறவர்கள். குடும்பம் எந்த இடத்தில் உடையும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அவர்களைப் பேட்டி காணும்போது நகை, புடவை, வில்லி வேடத்துக்கு வந்த வசவு என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். அடுத்த முறை, நீங்களே எழுதி வைத்திருக்கும் கதை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். ‘உண்டு’ என்று சொல்கிறவரின் கதைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். சிறிய படம் எடுக்கத் துணிந்த தயாரிப்பாளர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்