பாட்டி வழி வந்த கால் பங்கு

ஈப்போ

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ மெல்பர்னிலிருந்து அனுப்பிய டிஎன்ஏ சோதனை முடிவுகளை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். 24 விழுக்காடு தென்சீன வம்சாவளி என்று வந்திருக்கிறது. பாட்டியின் உடன்பிறந்தவர் என்று நீ நினைத்திருந்த தைப்பிங் தாத்தாவின் பேரனும் அதே நிறுவனத்தில் சோதனை செய்திருந்தும் உங்கள் இருவருக்கும் இடையே துளிப் பொருத்தம்கூட இல்லை. ஆகவே ஆய்வகத்தில் உமிழ்நீர்க் குழாய்கள் மாறிப்போயிருக்குமோ என்று கேட்டிருக்கிறாய். எதுவும் மாறவில்லை, அம்மா. என்னைப் பெற்ற தாய், உன் பாட்டி, பிறப்பால் சீனர்.

1938-இல், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்துவந்த தமிழ்க் குடும்பம், பக்கத்தில் காய்கறி பயிரிட்டுவந்த சீனர் வீட்டிலிருந்து அவரைக் கைக்குழந்தையாகப் பெற்றுக்கொண்டது. அது சீன நாட்காட்டியில் புலி ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் வீட்டுக்கு ஆகமாட்டாள் என்ற நம்பிக்கை சீனர் பலரிடம் இருந்தது. அதைவிட, ஏற்கெனவே பெண் குழந்தைகள் இருந்த வீட்டில் இன்னொன்றுக்குச் சோறிட வழியில்லை என்பதே உண்மைக் காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இப்படித் தமிழர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் வளர்ந்த சீனப் பெண் குழந்தைகள் அக்கால மலாயாவில் பலர். தத்தெடுப்புக்கான சட்டங்கள் 1952-இல்தான் இங்கே வந்தன. அதற்கு முன் சொந்தக் குழந்தை என்றே பதிந்துவிடுவதும் உண்டு. பாட்டியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் தமிழ்ப் பெயர். இனம் என்ற இடத்தில் மங்கிய நீல மையில் ‘தமிழர்’ என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் இதை யாரும் மறைத்ததில்லை. உட்கார்ந்து பேசியதும் இல்லை. பாட்டி காலமானபோது நீ மூன்று வயதுக் குழந்தை.

தைப்பிங் தாத்தா பாட்டியை வளர்த்தவர்களின் மகன். எனக்குக் காது குத்தியபோது என்னை மடியில் வைத்திருந்தவரும், உன் அத்தையின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய பேரனும் நீயும் இரத்த வழியில் இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவாக இருந்திருந்தால், உங்களுக்குள் சராசரியாக 230 சென்டிமார்கன் (டிஎன்ஏ பொருத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பொதுவான டிஎன்ஏ இருந்திருக்கும். அவ்வளவு நெருங்கிய உறவில் பொருத்தம் பூச்சியமாவது நடைமுறையில் இல்லை. ஆகையால் அந்தப் பூச்சியம் பிழையன்று, சரியான விடை. தாய்மாமன் சீரைப் பதிய அந்த அட்டவணையில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இனி, நீ பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடப்போவதாக எழுதியிருப்பதைப் பற்றி. தேடுவதானால் உன் உமிழ்நீரைவிட என்னுடையதே அதிகம் பயன்படும். பிள்ளைக்குத் தாயின் டிஎன்ஏவில் சரிபாதி வரும். பேரப்பிள்ளைக்குச் சராசரியாகக் கால் பங்குதான் வரும், அதுவும் 20-க்குக் கீழும் 30-க்கு மேலும்கூடப் போகலாம். எனக்கு வந்த பாதியும் உன் அத்தைக்கு வந்த பாதியும் ஒன்றல்ல. எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் பாட்டியின் டிஎன்ஏவில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிடைத்துவிடும். உயிரணுவுக்குள் தனி டிஎன்ஏ கொண்ட மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் கதை வேறு. அது தாய் வழியாக மட்டுமே இறங்குவதால், பாட்டியுடையது என்னிடம் இருந்தாலும் உனக்கு வரவில்லை. உனக்கு வந்தது உன் அம்மாவுடையது. பாட்டியைப் பெற்ற அந்தச் சீனத் தாயின் மைட்டோகாண்ட்ரியாவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகப்போகிறவர்கள் அத்தையின் பெண்கள்தாம். ஆனாலும் அத்தையிடம் நீயே பேசிச் சம்மதம் கேள். நான் அண்ணன் என்ற முறையில் சொன்னால் மறுக்கமாட்டாள். அதனாலேயே நான் சொல்லக் கூடாது.

உன் அம்மா வழியில் வந்திருக்கும் நீண்ட பொருத்தப் பட்டியலைப் பார்த்து மயங்கிவிடாதே. அம்மாவைப் பெற்றவர்கள் அத்தை மகனும் மாமன் மகளும். அதற்கு முந்திய தலைமுறையிலும் அப்படியே கொண்டு கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் ஒரே முன்னோரின் டிஎன்ஏ பல வழிகளில் வந்து சேர்வதால், தூரத்து உறவும் கிட்டத்து உறவைப் போலத் தோன்றும். ஊர்ப் பெயரும் இந்தச் சோதனையில் கிடைக்காது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டனாருக்குத் துறையூர்ப் பக்கம் என்ற வாய்ச்சொல்தான் மிச்சம். அதை நம்பியே நாம் குலதெய்வத்தைக் கண்டுபிடித்தோம்.

வான்கூவரில் இருக்கும் சீன அம்மையாரோடு உனக்கு 94 சென்டிமார்கன் பொருந்துகிறது என்றாய். என் சோதனை முடிவு வந்தால் அது எவ்வளவு தூரத்து உறவு என்பது இன்னும் தெளிவாகும். அதுவரை அவருக்கு எழுதாதே. எழுதும்போதும், ‘உங்கள் குடும்பம் கொடுத்துவிட்ட குழந்தையின் பேத்தி’ என்று தொடங்காதே; அவருடைய முன்னோர் எந்த மாநிலத்தவர், குடும்பத்தில் யாரேனும் இங்கே நம் பேராக் மாநிலத்தில் இருந்தார்களா என்று மட்டும் கேள். சீனர் வம்சாவளி ஏடுகளில் பெண்மக்களின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆகவே அப்படி ஒரு குழந்தை பிறந்ததே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்த முதியவர் எவரேனும் அவர் வீட்டில் இருந்தால், எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாய் திறக்காதவரை ஒரு மின்னஞ்சல் என்ன செய்யும் என்பதையும் யோசித்துப் பார்.

இன்னொன்று. 2023-இல் 23அண்ட்மி என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. விற்பனைக்கு வந்த பட்டியல்களில் சீன வம்சாவளியினரின் பட்டியலும் ஒன்று. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. எனவே என் முடிவுகளை வேறு எந்தத் தளத்திலும் என்னைக் கேட்காமல் ஏற்றாதே. உறவினருக்குக் காட்டும் பெயராக என் முதலெழுத்துகளை மட்டும் கொடு.

குழாயை வீட்டு முகவரிக்கே அனுப்பிவை. உமிழ்வதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து எதுவும் உண்ணவோ பருகவோ கூடாதாமே. காலைக் காப்பிக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுகிறேன்.

உன் அன்பு அப்பா