தேன்பெட்டி கொடுக்குமுன் மாதவாரி வரைபடம் வேண்டும்

கொழும்பு

தேன்பெட்டி விநியோகத்தைத் திட்டமிடும் விவசாயத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேனீ வளர்ப்புக்கு ஏற்ற இடங்களைக் கணினி மாதிரி கொண்டு தேடுவதை மனமார வரவேற்கிறோம். ஆனால் ஆண்டுச் சராசரியை நம்பி ஒரே வரைபடம் போட்டால் பெட்டிகள் வெறுமையாகிவிடும்.

களுத்துறை, கேகாலை இறப்பர் காணிகளைப் பாருங்கள். இலையுதிர்ந்து பெப்ரவரி, மார்ச்சில் துளிர்க்கும்போது தேன் சுரப்பது பூவில் அல்ல, இளம் இலைக்காம்பில். இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். பின்னாலேயே தென்மேல் பருவமழை. நம் நாட்டுத் தேனீ பட்டினி கிடந்து காத்திருக்காது, கூட்டைவிட்டுப் பறந்துவிடும். சராசரியில் இந்தப் பஞ்ச மாதங்கள் கண்ணுக்கே படாது. ஆகவே 12 மாதத்துக்கும் தனித்தனியே புள்ளி கொடுத்து, மிகக் குறைந்த மாதத்தை வைத்தே இடத்தைத் தீர்மானியுங்கள். பஞ்ச மாதத்தில் பெட்டியை பண்டாரவளைப் பக்கத்து யூக்கலிப்டஸ் காடுகளுக்கு நகர்த்த முடியுமானால் அந்த இரண்டு இடங்களையும் சோடியாகக் கணக்கிடுங்கள்.

அடுத்தது அளவு. இந்தத் தேனீ பெரும்பாலும் 1 கிலோமீற்றருக்குள்ளேயே இரை தேடும்; அந்த வட்டம் சுமார் 314 ஹெக்டயர். வேர்ல்ட்கிளிம் காலநிலைத் தரவில் அதற்குள் மூன்று நான்கு கட்டங்கள்தான் வரும். சிர்ப்ஸ் மழைத் தரவின் ஒரு கட்டமோ 5 கிலோமீற்றருக்கும் அகலம். பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களை அது பிரித்துக் காட்டாது. நுணுக்கம் தாவர வரைபடத்திலிருந்தே வர வேண்டும். சென்டினல்-2 செய்மதிப் படங்கள் 10 மீற்றர் துல்லியம் தரும், துளிர்ப் பருவத்தில் வானமும் ஓரளவு தெளிவாயிருக்கும். மழைக்காலத்துக்கு, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செய்மதி ராடாரைச் சேருங்கள். உயரம், வெப்பநிலை இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். மலையேற வெப்பம் குறைவதால் ஒரே தகவலை இருமுறை எண்ணியதாகும்.

உயிரினம் கண்ட இடங்களைக் கொண்டு அதற்கு ஏற்ற இடங்களைக் கணிக்கும் மாக்ஸென்ட் போன்ற மாதிரிக்குக் கொடுக்கும், தேன்கூடு கண்ட இடப் புள்ளிகள் பெரும்பாலும் வீதியோரத்தில் எடுத்தவை. அப்படியே கொடுத்தால் தேனீ வாழும் இடத்தை அல்ல, அலுவலர் போன இடத்தையே அது கற்கும். ஒப்பிடுவதற்காக மாதிரி எடுக்கும் பின்னணிப் புள்ளிகளையும் அதே வீதியோரங்களில் எடுங்கள். சோதனைக்கு ஒரு மாவட்டத்தை முழுதாக ஒதுக்கி வையுங்கள்; புள்ளிகளைக் கலைத்துப் பிரித்தால் அயல் புள்ளியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

எல்லாவற்றிலும் அருமையான தரவு தேனீ விட்டுப்போன வெறும் பெட்டி. வைத்த திகதி, ஜிபிஎஸ் இடம், தேனீ போன திகதி, காரணம் நான்கையும் பதியச் சொல்லுங்கள். மெழுகுப் புழு, எறும்பு, தேனீக் குஞ்சுகள் அழுகும் நோய், இறப்பருக்குத் தூவிய கந்தகம் என்று காரணம் தெரிந்தால் தனியே குறியுங்கள். அவற்றால் போன கூட்டை நிலத்தின் குறையாக மாதிரிக்குள் போட வேண்டாம்.