தேடிப் போனவர் அல்லர்

ஆசிரியருக்கு,

ரஷ்யக் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், அவர் 'சுதந்திரம் தேடி அமெரிக்கா சென்றார்' என்று ஒரே வரியில் முடித்திருப்பது சரியல்ல. அவர் தேடிப் போகவில்லை. 1972 ஜூனில் சோவியத் அதிகாரிகள்தான் பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரை விமானம் ஏற்றி அனுப்பினார்கள்.

1964ஆம் ஆண்டு லெனின்கிராட் வழக்கையும் கட்டுரை தொடவில்லை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, தொழிற்சாலை, பிணவறை, நிலவியல் ஆய்வுக் குழு என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர் மீது, உழைக்காமல் உண்டு கொழுப்பவர் என்று குற்றச்சாட்டு! உன்னைக் கவிஞர் வரிசையில் சேர்த்தது யார் என்று நீதிபதி கேட்க, மனித இனத்தில் என்னைச் சேர்த்தது யார் என்று திருப்பிக் கேட்டார் அந்த 23 வயது இளைஞர். கிடைத்தது ஐந்தாண்டுத் தண்டனை. வடக்கே ஆர்க்கங்கெல்ஸ்க் பகுதிக் கிராமமொன்றில் எரு அள்ளினார், விறகு வெட்டினார்.

இந்த விசாரணை உலகுக்குத் தெரிந்ததே ஃப்ரீதா விக்தரோவா என்ற பத்திரிகையாளரால்தான். எழுதக் கூடாது என்று நீதிபதி தடுத்த பிறகும் அவர் குறிப்பெடுத்தார். ஐந்தாண்டு முடியாமலே 1965இல் பிராட்ஸ்கி விடுதலையானார்; அதற்குச் சற்று முன்பே விக்தரோவா இறந்தும் போனார். ஒரு பத்திரிகை அவர் பெயரை விட்டுவிடலாமா?

1987 நோபல் பரிசைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் மகனை ஒருமுறை பார்த்துவர அனுமதி கேட்டுப் பெற்றோர் மனு மேல் மனு போட்டதும், கடைசிவரை அது கிடைக்காததும்? தாய் 1983இலும் தந்தை 1984இலும் இறந்தார்கள். அவர்களைப் பற்றிய நினைவுக் கட்டுரையை பிராட்ஸ்கி ஆங்கிலத்தில்தான் எழுதினார். அவர்களை வெளியே விடாத நாட்டின் மொழியான ரஷ்ய மொழியில் எழுதினால் அவர்களது சிறைவாசம்தான் நீளும் என்றார்.

வாசகர் ஒருவர், திருநெல்வேலி