"உனக்கு என்ன குறை?" என்று அவளிடம் கேட்காதே

அன்புத் தோழிக்கு,

நான் நலம். உன் கடிதம் நேற்று கைக்கு வந்தது. முதல் பக்கம் முழுக்கப் பேத்தி புராணம். இரண்டாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதினாற்போல, "இவள்தான் என்னவோ போல் இருக்கிறாள். எல்லாம் இருந்தும் அழுதுகொண்டே இருந்தால் என்ன செய்வது? நீ ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்திருப்பாய், சொல்லேன்" என்று நாலு வரி. உன்னை எனக்குத் தெரியாதா? அந்த நாலு வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறாய். அதனால் என் முட்டிவலிக் கதை கடைசியில். முதலில் உன் மகள்.

குழந்தை பிறந்து ஏழு வாரம் என்கிறாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது. பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு அது வரும். ஒன்றுமில்லாததற்குக் கண் கலங்கும், சுள்ளென்று எரிச்சல் வரும், அடுத்த நிமிஷமே சிரிப்பும் வரும். பேபி ப்ளூஸ் என்பார்கள். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நாள் முழுக்க மனசு இருண்டே கிடந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், "இந்தக் குழந்தைக்கு நான் லாயக்கில்லாத அம்மா" என்று அவள் சொல்ல ஆரம்பித்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. நோய். காய்ச்சல் மாதிரி, சர்க்கரை மாதிரி ஒரு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்றவர்களில் 100க்கு 13 பேர் மனநலப் பிரச்சினைக்கு ஆளாகிறார்கள், பெரும்பாலும் அது மனச்சோர்வுதான். வளரும் நாடுகளில் அது 20ஐத் தொடுகிறது.

இத்தனை பேருக்கு வருகிறதே, ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்பாய். பிரசவ வார்டில் நாங்கள் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நோய் அதற்கப்புறம்தான் தலைகாட்டும். தடுப்பூசிக்கு வரும்போது பிடிக்கலாம். ஆனால் அன்றைக்கு எல்லோர் கண்ணும் குழந்தை மேல். எடை போடுவோம், தொப்புளைப் பார்ப்போம், அட்டையில் எழுதுவோம். தூக்கிக்கொண்டு வந்தவள் தலை சீவியிருக்கிறாளா என்றுகூடக் கவனிக்க மாட்டோம்.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். பால் கொடுத்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், குழந்தை எத்தனை தடவை ஈரம் பண்ணியது, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். என்ன கேட்டாலும் நோட்டைப் பார்த்துப் பதில் வந்தது. "எவ்வளவு பொறுப்பான பொண்ணு" என்று பக்கத்தில் இருந்த சிஸ்டர் பாராட்டினாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதாம்மா?" நோட்டை மூடினாள். அப்புறம் ரொம்ப நேரம் அழுதாள்.

அந்தக் கேள்வியை நீயும் கேள். பச்சைக் குழந்தை வைத்திருப்பவளுக்குத் தூக்கம் கெடுவது சகஜம். ஆனால் குழந்தை தூங்கி, வீடும் அடங்கி, உடம்பு ஓய்ந்துபோயும் கண் மூட முடியவில்லை என்றால் அது சகஜமில்லை. உன் மகள் ராத்திரி முழுக்கக் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள் என்கிறாயே, அதைப் பாசம் என்று விட்டுவிடாதே.

இன்னொன்றையும் எழுதியிருந்தாய்: குழந்தையை வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கமே போகமாட்டேன் என்கிறாள் என்று. அதைப் படித்ததும் எனக்கு விஷயம் கிட்டத்தட்டப் புரிந்துவிட்டது. "கை தவறிப் போட்டுவிடுவேனோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ" என்று கூப்பிடாமலே வந்து நிற்கும் நினைப்புகள் உண்டு. புதுத் தாய்மார்களில் ரொம்பப் பேருக்கு அது எட்டிப் பார்க்கும். மனச்சோர்வில் கூடுதலாக வரும். வந்த நினைப்பைக் கண்டு அவளே நடுங்கிப்போய், குழந்தையை எப்படிக் காப்பது என்றுதான் தவிக்கிறாள். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாயைத் திறப்பதில்லை. அவள் சொன்னால் நீ அலறாதே. "இப்படி நினைப்பு வருகிறதென்று நிறைய அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்களாம், டாக்டரிடம் சொல்லலாம்" என்று மட்டும் சொல்.

இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாத ஒன்று இருக்கிறது. பிரசவ மனப்பிறழ்வு. 1000 பிரசவத்தில் ஒருவர் இருவருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே. தூக்கமே வேண்டாம் என்று சுறுசுறுப்பாக இருப்பாள், சம்பந்தமில்லாமல் பேசுவாள், யாரோ குரல் கொடுப்பதாகச் சொல்வாள், குழந்தை தன்னுடையதே இல்லை என்பாள், அந்த நினைப்புகளைக் கண்டு பயமும் இருக்காது. அப்போது அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிமிஷமே அவசர சிகிச்சைப் பிரிவு. அவளையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது. உன் மகளுக்கு அது இல்லை என்றுதான் உன் கடிதத்தை வைத்துத் தோன்றுகிறது. ஆனால் "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அதே அவசரம்தான். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

ஏன் வருகிறது? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்கள் கர்ப்பகாலத்தில் மலைபோல ஏறியிருக்கும். பிரசவம் ஆன சில நாளில் தடாலென்று இறங்கிவிடும். இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து, இல்லாமல் போனால் உடம்பு ஒரு குலுங்கு குலுங்குமே, அப்படி. சில மூளைகள் அதைத் தாங்கிக்கொள்ளும், சில தாங்காது. தூக்கமின்மை, தனிமை, வீட்டில் சண்டை, பிரசவத்தில் பட்ட பாடு இதெல்லாம் மேலே ஏறிக்கொள்ளும். முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். கல்லூரிக் கடைசி வருஷம் அவள் மாசக்கணக்கில் அறையை விட்டு வராமல் கிடந்தாள் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அது பழைய கதை" என்று மறைக்காதே, டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் (கொஞ்ச நாள் அளவு மீறிய உற்சாகம், கொஞ்ச நாள் கடும் சோர்வு என்று மாறி மாறி வரும் மனநோய்) இருந்திருந்தால் அதையும். அதைப் பொறுத்து மருந்தே மாறும்.

யாரிடம் போவது? பிரசவம் பார்த்த டாக்டரிடமே தொடங்கலாம்; மனநல மருத்துவரிடம் நேராகப் போனாலும் தப்பில்லை. எடின்பர்க் கேள்வித்தாள் என்று ஒன்று கொடுப்பார்கள். 1987இல் பிரிட்டனில் மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் உடன் வேலை செய்தவர்களும் வெளியிட்டது. 10 கேள்வி, 30 மார்க், கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும். முதல் கேள்வியே, சிரிக்க முடிகிறதா என்பதுதான். மார்க் கூடினால் கவலைப்பட வேண்டிய பரீட்சை இது; 13ஓ அதற்கு மேலோ வந்தால் பெரும்பாலும் மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரிப்பார்கள். கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மார்க் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதில் "ஆம்" என்று வந்தால் விடமாட்டார்கள். தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தகராறு செய்வது உண்டு, அப்போது வரும் அசதியும் அழுகையும் இதே மாதிரி வேஷம் போடும்.

லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்தது. மனநலம் படிக்காத சாதாரண கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பேச வைத்தார்கள். 2008இல் முடிவு வந்தது: ஆறாவது மாதத்தில், பயிற்சி இல்லாத பணியாளர்கள் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்த வீடுகளில், தாய்மார்களில் 100க்கு 53 பேருக்கு மனச்சோர்வு தொடர்ந்தது; பயிற்சி பெற்றவர்கள் போய்ப் பேசிய வீடுகளில் 23 பேருக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், கேட்கத் தெரிந்த ஒரு ஆள் போதும் என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

கொஞ்சம் கடுமையாக இருந்தால் மாத்திரை எழுதுவார்கள். உடனே உன் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்: "பால் கொடுக்கிறாளே!" தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது செர்ட்ராலின். பாலில் அது மிகக் குறைவாகத்தான் இறங்குகிறது. பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். நாலாம் நாளே "ஒண்ணும் வேலை செய்யலை" என்று தூக்கிப் போடக்கூடாது. தெளிந்தபின்பும் மாசக்கணக்கில் தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதும் அவர்கள் சொல்படி மெல்ல மெல்லத்தான். இந்த நோய்க்கென்றே 14 நாள் சாப்பிடும் ஜூரனலோன் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கொடுத்தார்கள். எல்லா நாட்டிலும் கிடைக்காது, சும்மா தெரிந்துகொள்.

இனி உன் வேலை. ராத்திரியில் அவளுக்கு நாலைந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூக்கம் கிடைக்கப் பார். அந்த நேரம் குழந்தை உன் பொறுப்பு, அல்லது மாப்பிள்ளை பொறுப்பு. அதற்காகக் குழந்தையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளாதே. நீ தூக்கினால் அழுகை நிற்கிறது, தான் தூக்கினால் நிற்கவில்லை என்று அவள் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பாள். "நாங்களெல்லாம் பெத்து வளர்க்கலையா" என்பதையும், "உனக்கு என்ன குறை" என்பதையும் இன்றோடு மூட்டை கட்டு. குறை இருந்தால் அவளே சொல்லிவிடுவாள். இல்லாததால்தான் குற்றவுணர்ச்சியில் குறுகிப்போகிறாள். அவள் அழும்போது பக்கத்தில் உட்கார். புத்தி சொல்லாமல் உட்காருவது உனக்குக் கஷ்டம்தான், தெரியும்.

மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து லேட்டாக வருகிறார், வந்தாலும் எரிந்து விழுகிறார், போனிலேயே கிடக்கிறார் என்று ஒரு வரியில் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். அவரையும் விசாரி. அப்பாக்களில் 10 பேரில் ஒருவருக்கு இந்த மனச்சோர்வு வருகிறது. மனைவிக்கு இருந்தால் கணவனுக்கு வரும் வாய்ப்பு கூடும். ஆண்களிடம் அது பலசமயம் அழுகையாக வராது. கோபமாகவும் விலகலாகவும் வரும், சிலருக்குக் குடியாகவும். ஏழு வாரத்தில் "நீங்க எப்படி இருக்கீங்க மாப்பிள்ளே?" என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பீர்களா? டாக்டரிடம் போகும்போது அவரும் வரட்டும்.

என் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டிக்குப் பிசியோதெரபி போகிறேன். சொல்லிக்கொடுக்கிற பையன் என் பேரன் வயசு, "மடக்குங்க பாட்டி, மடக்குங்க" என்று மிரட்டுகிறான். பென்ஷன் பேப்பரில் என் பிறந்த தேதியை மாற்றிப் போட்டு என்னை இரண்டு வயசு இளையவளாக்கிவிட்டார்கள். திருத்தச் சொல்லி அலைகிறேன், மனசில்லாமல்தான்.

இந்த வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடு. அவள் வரமாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல், மாப்பிள்ளை பாராவை மட்டும் மடித்து வை. போய்வந்ததும் போன் பண்ணு. மருந்துச் சீட்டை நீ படித்துச் சொல்லாதே, போட்டோ எடுத்து அனுப்பு. உனக்கு எப்போதுமே எழுத்து முன்னே பின்னே போய்விடும்.

உன் பழைய தோழி