தபால் மாமா, நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள்

அன்புள்ள தபால் மாமாவுக்கு,

வியாழக்கிழமை பகல் 12.40 மணிக்கு உங்கள் மகளின் போனுக்கு ஒரு செய்தி போயிருக்கும். பார்சல் கொண்டுவந்தபோது வீட்டில் யாரும் இல்லை என்று. அதற்கான பொத்தானை அழுத்தியவன் நான்தான். அழுத்தும்போது உங்கள் திண்ணையில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா உங்களைக் கேட்டிருப்பார். நீங்கள் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்லியிருப்பீர்கள். நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவது, இப்படி ஒரு செய்தி வந்து என்னைப் போன்ற ஒருவனைத் திட்டியவர்களும் படிக்கட்டும் என்றுதான். அச்செடுத்து உங்களுக்கும் கொண்டுவருகிறேன்.

ஓடிபி சொன்னால்தான் அந்தப் பார்சலைக் கொடுக்க முடியும். எண் போனது அக்காவின் போனுக்கு. அக்கா கோயம்புத்தூரில் நர்ஸ். பணி நேரத்தில் போன் கையில் இருக்காது. நான்கு முறை அழைத்தேன். நீங்களோ கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, அப்புறம் என்ன தாமதம் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திருப்பூரிலிருந்து அப்பா அனுப்பும் மணியார்டரை எங்கள் பாட்டியின் கையில் எண்ணிக் கொடுத்து, விரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கிப் போனவர் நீங்கள். வாங்கியவர் என் பாட்டிதானா என்று யாராவது உங்களிடம் எண் கேட்டார்களா? உங்களுக்கு அவரைத் தெரியும், அவ்வளவுதான். எனக்கும் உங்களைத் தெரியும். ஆனால் நான் வேலை பார்க்கும் இடத்தில் தெரியும் என்பதற்கு மதிப்பில்லை.

பார்சலைக் கொடுக்க முடியாவிட்டால் செயலி காரணம் கேட்கும். ஆள் இல்லை, முகவரி தவறு, வாங்க மறுத்தார், வேறு நாள் கேட்டார். இவற்றில் ஒன்றைத் தொட்டாக வேண்டும். ஆள் எதிரிலேயே இருக்கிறார், சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், எண் மட்டும் இல்லை என்பதற்கு அதில் இடமே கிடையாது. வாங்க மறுத்தார் என்று போட்டால் அன்றைக்கே திரும்பிவிடும். வேறு நாள் கேட்டார் என்றால் அதற்கும் அக்காவின் போனுக்கு எண் போகும். மிச்சமிருந்த பொய்களில் சிறியதைப் பொறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்கள் பார்சலை வேறொரு பையனின் பையில் போட்டுவிட்டார்கள். ஆலத்தூர்ப் பக்கத்துப் பையன், சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வெயிலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, முகவரி தவறு என்று போட்டுவிட்டான். ஊருக்கெல்லாம் முகவரி கண்டுபிடித்தவரின் முகவரி தவறு! கேட்டபோது சிரித்துவிட்டேன். பிறகு அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

நம் பக்கத்து முகவரி அப்படி. வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி என்று எல்லாம் பதி. வீட்டுக்குப் பெயர் ஏதோ ஒரு களம். அதை ஆங்கில எழுத்தில் அடித்து ஒட்டியிருப்பார்கள். ஒருவன் காலம் என்கிறான், ஒருவன் கலம் என்கிறான். வீட்டு எண் வார்டு எண்ணோடு சேர்ந்தது. வார்டை மாற்றி அமைத்தால் எண்ணும் மாறுகிறது, பாதிப் பேர் பழையதையே எழுதுகிறார்கள். போன் செய்து வழி கேட்டால், பனைமரத்துக்குப் பக்கத்தில் என்பார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை பனைமரத்துக்குப் பக்கத்தில் இல்லாத வீடு எது, மாமா?

இதில் கேரள, தமிழ்நாட்டு எல்லை வேறு குறுக்கே. 678 என்று தொடங்கினால் பாலக்காடு, 642 என்றால் பொள்ளாச்சி. 1972 ஆகஸ்ட் 15இல் இந்த அஞ்சல் குறியீட்டு எண் வந்ததைப் பற்றி நீங்கள் ஒருமுறை பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தைக்கு இந்தப் பக்கத்து எண்ணைப் போட்டுச் சேலை அனுப்பியிருந்தார் ஒருவர். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கல்லெறியும் தூரம். ஆனால் அது என் வட்டாரம் இல்லை. திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். நான் பெட்ரோல் போட அந்தப் பக்கம் போகிறவன்தான். கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரியும் இருக்கிறதே. வண்டியின் தாகத்துக்கு எல்லையைத் தாண்டலாம், சேலைக்குத் தாண்டக்கூடாது.

இப்போது உங்கள் தபால் துறையே டிஜிபின் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது, 2025 மே மாதத்தில். பத்து எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு. நாட்டையே நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்துவிட்டார்கள். நல்லதுதான். அந்தப் பையன் உங்கள் வாசலுக்கு நேராக வந்திருப்பான். ஆனால் மேட்டுக் களத்தில் நாயை மாலை நான்கு மணிக்கு அவிழ்த்துவிடுவார்கள் என்பதையும், கால்வாயில் தண்ணீர் விட்டால் மண்பாதையில் வண்டி இறங்காது என்பதையும் எந்தக் கட்டம் சொல்லும்? அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஒரு கடியும் ஆயின.

கொடுத்த பார்சலுக்கு எனக்கு 14 ரூபாய். கொடுக்காததற்கு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக்கு வந்துபோன பெட்ரோல், நான்கு போன் அழைப்பு, முக்கால் மணி நேரம், எல்லாம் என் கணக்கு. (மோரைக் கழித்துக்கொள்கிறேன்.) சுமை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே நோக்குகூலி கேட்டு வாங்கிய மாநிலம் இது, 2018 மே தினத்தன்றுதான் அதைத் தடைசெய்தார்கள். வீடு தேடி அலைந்ததற்குக் கூலி என்ற பேச்சு இன்னும் பிறக்கவே இல்லை.

உங்களிடம் இதைச் சொன்னால், உனக்காவது வயது இருக்கிறது என்பீர்கள். நெடுநாள் உங்களை அரசு ஊழியர், மாதம் பிறந்தால் பென்ஷன் வரும் என்றே நினைத்திருந்தேன். கிராமத் தபால் ஊழியருக்குச் சம்பளம் இல்லை, படிதான். அதுவும் ஒரு நாளைக்குச் சில மணி நேர வேலை என்ற கணக்கில்தான் என்று வியாழக்கிழமைதான் சொன்னீர்கள். உங்களைப் போன்றவர்களும் அரசின் குடிமைப் பதவியில் இருப்பவர்களே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கும் கேரளத்திலிருந்து போனதுதான். ஆனாலும் 65 வயதில் சைக்கிளோடு வீட்டுக்கு வந்தபோது மற்ற அரசு ஊழியருக்குக் கிடைக்கும் பென்ஷன் உங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கும் ஒரு சட்டம் வந்திருக்கிறது, மாமா. 2020இல் இயற்றி 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்களை வைத்துத் தொழில் செய்கிற நிறுவனங்கள் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ எங்கள் நலனுக்காக எடுத்துவைக்க வேண்டுமாம். என் கைக்கு இன்னும் எதுவும் எட்டவில்லை. உங்கள் கதையைக் கேட்ட பிறகு, எட்டும் என்று நாள் எண்ணவும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைப் பொய் வேறு வழியில்லாமல் சொன்னது. ஆனால் வேண்டுமென்றே சொன்னதும் உண்டு. மாலை ஐந்தரை மணி, ஆடிக் காற்று கணவாயிலிருந்து வந்து முதுகுப் பையோடு வண்டியைச் சாய்க்கிறது, பையில் இன்னும் பதினெட்டுப் பார்சல். அவற்றில் ஒன்று மட்டும் ஒழலப்பதிக்கு, போக வர பன்னிரண்டு கிலோமீட்டர். வீட்டில் ஆள் இல்லை என்று இங்கிருந்தே அழுத்தியிருக்கிறேன். அப்படி அழுத்திய ஒரு நாளில் அந்தப் பார்சல் ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை என்று மறுநாள்தான் தெரிந்தது. அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. சீருடையைப் பிரித்து மகளின் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

மழையில் மூன்று நாள் போக முடியாமல் ஒரு தந்தியை வைத்திருந்ததாக நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது. யாருடைய தந்தி என்று நான் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று முறைக்குமேல் பார்சல் இங்கே தங்காது. திங்கட்கிழமை கடைசி முறை. பையனிடம் சொல்லி உங்கள் பார்சலை என் பையில் போடச் சொல்லியிருக்கிறேன். அன்று காலை ஒன்பது மணிக்குள் அக்காவின் போனுக்கு எண் வரும். பணிக்குப் போகும் முன் உங்களைக் கூப்பிட்டு அதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். முதலில் பார்சலைக் கையில் வாங்கி மேலே உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு முன் யார் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள், நான் என்று சொல்லிக் கேட்டாலும்.

பெட்டியின்மேல் காலணி என்று போட்டிருக்கிறது. போட்டுப் பார்த்து அளவு சரியில்லை என்றால் அப்போதே சொல்லுங்கள். திருப்பி எடுக்க வருகிறவனும் நான்தான். அதற்குக் காசு உண்டு.

இப்படிக்கு,
கால்வாய் மேட்டு வீட்டுப் பேரன்