மூணு சென்ட் எங்கேயும் போகாது, தாயி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா இருக்கணும்னு நரசிங்கர் கோயில்ல கும்பிட்டுக்கிட்டேன்.

போன்ல நீ கேட்டதுக்கு அன்னைக்குச் சரியாப் பதில் சொல்ல முடியல. வீடு நிறைய ஆளு. அதுவும் இது போன்ல பேசி முடியுற விஷயமும் இல்ல. நம்ம ஊராட்சியை மதுரை மாநகராட்சியோட சேர்த்துட்டா உன் பேர்ல கிடக்குற மூணு சென்ட் மனை கவர்மெண்டுக்குப் போயிரும், அதுக்குள்ள வித்துருங்கன்னு ஒரு புரோக்கர் மாப்பிள்ளைகிட்டச் சொன்னதாச் சொன்ன. முதல்ல அதுக்குப் பதில் சொல்லிடுறேன்: விக்க வேண்டாம்.

ஒரு இடம் நகரத்து எல்லைக்குள்ள வர்றது வேற, அந்த இடத்தை அரசாங்கம் எடுத்துக்கிறது வேற. எடுக்கணும்னா அதுக்கு 2013-ல வந்த நில எடுப்புச் சட்டம் தனியா இருக்கு. அறிவிப்பு, விசாரணை, இழப்பீடுன்னு அது ஒரு தனிப் பாதை. எல்லையை மாத்துறதுல இதெல்லாம் ஒண்ணும் கிடையாது. பட்டா குடுக்குறது வருவாய்த் துறை, பத்திரம் பதியுறது பதிவுத் துறை. ரெண்டுமே இன்னைக்கு ஊராட்சி கையிலயும் இல்ல, நாளைக்கு மாநகராட்சி கைக்கும் போகாது. மாறப்போறது என்னன்னா, வரியை எங்க கட்டுறோம், வீட்டு பிளானுக்கு எங்க போறோம், நம்ம குறையை யாருகிட்டப் போய்ச் சொல்றோம், இதுதான். கடைசியாச் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம். அதை அப்புறமா எழுதுறேன். முதல்ல உன் மனை.

உங்கப்பா வருவாய்த் துறையில தலையாரியா இருந்தவர், தெரியும்ல. அவரு சொல்றதை அப்படியே எழுதுறேன். நீ வாங்கினது அப்ரூவல் இல்லாத லேஅவுட். 2016-ல ஹைகோர்ட் அந்த மாதிரி மனைகளைப் பதியக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அடுத்த வருஷம், அப்ரூவல் இல்லாத மனையைச் சரிப்படுத்திக் குடுக்குற வரன்முறைத் திட்டம் வந்தப்ப, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பத்திரம் ஆன மனைகளுக்குப் பணம் கட்டி வரன்முறை வாங்கிக்கலாம்னாங்க. அப்பா அலைஞ்சு திரிஞ்சு வாங்கி வச்ச அந்த உத்தரவு பீரோவுல பத்திரமா இருக்கு. நீ எப்ப வீடு கட்டினாலும், ஊராட்சியா இருந்தாலும் மாநகராட்சியா இருந்தாலும், முதல்ல கேக்குற காகிதம் அதுதான்.

இன்னொண்ணு. நகரத்தோட சேர்ந்த இடங்களுக்குப் பிற்பாடு நகர நில அளவை வரும். அப்ப இப்ப இருக்குற புல எண் (சர்வே நம்பர்) போயி வார்டு, பிளாக், டவுன் சர்வே நம்பர்னு புது எண் விழும். அளக்க வர்ற நேரத்துல சொந்தக்காரங்க பத்திரத்தோட நின்னு பேரையும் அளவையும் சரிபார்த்துக்கணும். ஓசூர்ல உக்காந்திருக்குற உன்னை மாதிரி ஆளுங்க மனையிலதான் பேரு விட்டுப்போறதும் பக்கத்து மனையோட சேர்ந்து போறதும் நடக்கும்னு அப்பா சொல்றாரு. பழைய புல எண்ணுக்கு எந்தப் புது எண்ணுன்னு காட்டுற ஒப்பீட்டுச் சான்றையும் அப்பவே வாங்கி வச்சுக்கணும். பத்திரத்துல ஒரு நம்பரும் பட்டாவுல ஒரு நம்பரும் இருந்தா நாளைக்கு பேங்குல லோன் கேக்கும்போது இழுத்தடிப்பாங்க. மனைக்கு நாலு மூலையிலயும் கல்லு ஊணியாச்சு. கம்பி வேலி மட்டும் பாக்கி, அதைச் சித்திரைக்குள்ள போட்டுருவோம்.

வரி கூடும். அதை மறைச்சுச் சொல்ல மாட்டேன். ஊராட்சியில காலி மனைக்கு நாம வரின்னு எதுவும் கட்டுனதில்ல. மாநகராட்சியில காலிமனை வரி சதுர அடிக் கணக்குல வரும். வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருக்கா ஊராட்சி ஆபீஸ்ல கட்டுறது போயி அரையாண்டுக்கு ஒருக்காச் சொத்து வரி ஆகும். 2022 ஏப்ரல்ல சென்னை தவிர மத்த மாநகராட்சிகள்ல வீட்டு வரியை ஏத்தினப்ப 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல நூறு சதவீதம்னு ஏத்தினாங்க. அரையாண்டு தொடங்கின முதல் மாசத்துக்குள்ள கட்டிட்டா 5 சதவீதம் குறைப்பாங்க. உன் அத்தை வீடு 2011-லயே மாநகராட்சிக்குள்ள போனதால அவளுக்கு ஏப்ரல் மாசமும் அக்டோபர் மாசமும் பொறந்தாலே அந்த ஞாபகம்தான்.

அந்த 2011-ஐ நீ யோசிச்சுப் பாக்கணும். அப்ப நீ காலேஜ்ல இருந்த. மதுரைக்கு 72 வார்டு இருந்தது 100 ஆச்சு. 52 சதுர கிலோமீட்டருக்குக் கிட்ட இருந்த ஊரு 148 சதுர கிலோமீட்டர் ஆச்சு. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி, திருப்பாலை, கண்ணனேந்தல், வண்டியூர் எல்லாம் ஒரே மூச்சுல உள்ள வந்துச்சு. ஊரு மூணு பங்கு ஆயிருச்சு, ஆனா தண்ணிக் குழாயும் பாதாளச் சாக்கடையும் அப்படி ஒரே நாள்ல வராதுல்ல. புதுசாச் சேர்ந்த வார்டுகள்ல பத்து வருஷம் கழிச்சும் ரோட்டைத் தோண்டிக் குழாய் பதிச்சுக்கிட்டு இருந்தாங்க. வரி மட்டும் முதல் நாள்லேர்ந்து நகரத்து வரி. என் ஆத்திரமெல்லாம் இந்த வரிசை மேலதான். நகரம் வேணாம்னு நான் சொல்லல. செப்டிக் டேங்கும் போர் தண்ணியும் வச்சுக்கிட்டுப் பக்கத்துப் பக்கத்துல வீடு கட்டியாச்சு, நாலு வழிச்சாலை ஓரம் பூராவும் கடையாயிருச்சு. பாதாளச் சாக்கடை இல்லாம இன்னும் எத்தனை நாளைக்குக் காலம் தள்ள முடியும்? குழாய் முதல்ல வரட்டும், வரி பின்னால வரட்டும். அதைத்தான் கேக்குறேன்.

மதுரை வளர்றது இன்னைக்கு நேத்து நடக்குற காரியமும் இல்ல. நீ துணி எடுக்கப் போற மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் 1840-கள்ல கலெக்டரா இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்ததுல வந்த வீதிங்கதான். அன்னைக்கு அகழியைத் தூர்த்தாங்க, நம்ம காலத்துல கண்மாயைத் தூர்த்தாங்க. 2004-ல திறந்த ஹைகோர்ட் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியிலதான் நிக்குது. நம்ம கண்மாய்க்குக் கீழ இப்பவும் நெல்லு விளையுது, தாயி. மடை திறக்கக் கூட்டம் போடுறோம், மீன்பாசி ஏலம் விடுறோம். ஊரு நகரமானா அந்த மடையை யாரு பாப்பாங்கன்னு நம்ம ஊர்ப் பெரியவங்க கேக்குறாங்க. நியாயமான கேள்வி. அதுக்கு யாரும் வாயைத் திறந்து பதில் சொல்லல.

இனி எனக்குப் பெரிசுன்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன்.

2019 டிசம்பர்ல பொம்பளைங்களுக்கு ஒதுக்கின வார்டுல நின்னு ஜெயிச்சேன். 2020 ஜனவரி 6-ல பதவி ஏத்தோம், 2025 ஜனவரி 5-ல முடிஞ்சுருச்சு. எங்களோட பதவி முடிஞ்ச 28 மாவட்டத்துலயும் ஊராட்சிக்குத் தலைவர், உறுப்பினர் யாரும் இல்லாமப் போயி, அரசாங்கம் போட்ட தனி அலுவலர் கைக்குப் போச்சு. எங்க பதவி முடியுற அதே வாரத்துலதான் 16 மாநகராட்சிகளை விரிவாக்குறோம், 149 ஊராட்சிகளை அதுங்களோட சேர்க்கிறோம்னு அறிவிப்பு வந்துச்சு. ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னும் சொல்லியிருக்காங்க. சொல்ல வேண்டிய ஆளுக்குப் பதவி இல்லாத நேரமாப் பாத்து வந்ததுதான் எனக்கு ஆறல.

அதனால ஜனவரி 26 கிராம சபையை நாங்க விடல. தனி அலுவலர் காலத்துலயும் கிராம சபை உண்டுல்ல. வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்குற அத்தனை பேரும் அதுல உறுப்பினர். வருஷத்துல ஆறு தடவை கூடணும். வரவு செலவைப் படிச்சுக் காட்டணும். ஒரு தெருவிளக்கு ஏன் எரியலன்னு எந்தப் பாட்டியும் எந்திரிச்சுக் கேக்கலாம். நான் வார்டு மெம்பரா உக்காந்து எத்தனை தடவை பதில் சொல்லியிருக்கேன்! மாநகராட்சியிலயும் கிராம சபை மாதிரி பகுதி சபைன்னு 2022-லேர்ந்து நடத்துறாங்க. ஆனா 100 வார்டுக்கு 14 லட்சத்துக்கு மேல சனம். ஒரு கவுன்சிலர் தலையில 14 ஆயிரம் பேருக்கு மேல. நம்ம ஊருல மெம்பர் வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்து கேட்ட கேள்வியை அங்க எங்க போய்க் கேக்குறது?

அன்னைக்குப் பந்தல்ல முதல்ல எந்திரிச்சது நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்கதான். அந்த வேலை ஊராட்சிக்குத்தான் உண்டு, நகரத்துல கிடையாது. 2024-25-ல ஒரு நாளைக்கு 319 ரூபாய் கூலி இருந்துச்சு. அறுபது வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கு வேற யாரு வேலை குடுப்பா? மதுரைக்குள்ள கட்டட வேலைக்குப் போகச் சொல்றீங்களான்னு ஒரு அக்கா கேட்டுச்சு. யாரும் வாய் திறக்கல. மனை வச்சிருக்குறவங்களுக்கு விலை ஏறும்னு ஒரு ஆதாயம் இருக்கு. மனை இல்லாதவங்களுக்கு இதுல என்ன இருக்கு? உன் மூணு சென்ட்டுக்கு நாளைக்கு ரெண்டு மடங்கு விலை வந்தாலும் அந்தக் கேள்வியை நீ மறக்கக் கூடாது.

சேர்க்குறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்னு அரசியல் சட்டத்துல 243கியூ பிரிவுல எழுதியே வச்சிருக்கு. பயிற்சி வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. சனத்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கு வர்ற வருமானம், விவசாயம் இல்லாத வேலைக்கு எத்தனை பேர் போறாங்கங்கிறது எல்லாம் பாக்கணும். நம்ம ஊருக்கு ரெண்டு முகம் இருக்கு. ரோட்டுப் பக்கம் பாத்தா நகரம்தான், கண்மாய்ப் பக்கம் பாத்தா கிராமம்தான். ஊராட்சி முழுசையும் ஒரே கோட்டுல உள்ள இழுக்காம, ரோட்டுப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டு ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற வயக்காடு இருக்குற பக்கத்தை ஊராட்சியாவே விடுங்கன்னு அந்தக் கிராம சபைத் தீர்மானத்துல கேட்டிருக்கோம்.

தீர்மானத்துக்கெல்லாம் மதிப்பு இருக்கான்னு மாப்பிள்ளை கேப்பார். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைச் சொல்லு. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாச்சுன்னதும் 2024 நவம்பர் கிராம சபையில தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9-ல சட்டசபையே தீர்மானம் போட்டுச்சு. 2025 ஜனவரி 7-ல மேலூர்ப் பக்கத்துச் சனம் நரசிங்கம்பட்டியிலேர்ந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்தே போச்சு. நம்ம ரோட்டு வழியாத்தான் போனாங்க. மோர் ஊத்திக் குடுத்தோம். ஜனவரி 23-ல மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து பண்ணுச்சு. நம்ம விஷயம் அம்புட்டுப் பெரிசு இல்லதான். ஆனா எழுதிக் குடுத்த தீர்மானத்தை யாரும் லேசுல கிழிச்சுப் போட முடியாது.

இன்னொரு விஷயம், புரோக்கர் சொல்லாதது. உங்க மாமாவோட வயல் மேலூர்ப் பக்கம் இருக்கே, அதுக்காகச் சொல்றேன். விவசாய நிலத்தை வித்தா வருமான வரி இல்லன்னு ஊருல சொல்வாங்க. பத்து லட்சத்துக்கு மேல சனத்தொகை உள்ள நகரத்தோட எல்லையிலேர்ந்து நேர்கோட்டுல 8 கிலோமீட்டருக்குள்ள இருந்தா அந்தச் சலுகை கிடையாது. 2011 கணக்குப்படியே மதுரை பத்து லட்சத்தைத் தாண்டியாச்சு. இப்ப எல்லை வெளிய நகர்ந்தா அந்த 8 கிலோமீட்டரும் கூடவே நகரும். மாமாகிட்ட, விக்கிறதா இருந்தா ஒரு ஆடிட்டரைப் பாத்துட்டு விக்கச் சொல்லு. நான் சொன்னாக் கேக்க மாட்டார், நீ சொன்னாக் கேப்பார்.

இப்ப நீ செய்ய வேண்டியது. இதோட ஒரு மனு வச்சிருக்கேன். மனைக்குச் சொந்தக்காரிங்கிற முறையில உன் கையெழுத்து வேணும். வேணாம்னு மட்டும் அதுல எழுதல. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் வர்ற வரைக்கும் ஊராட்சி வரியே இருக்கணும், ஆயக்கட்டுப் பக்கத்தை விட்டுரணும், நூறு நாள் வேலைக்குப் போனவங்களுக்கு வேலைக்கு வழி சொல்லணும், கண்மாயும் மடையும் யாரு பொறுப்புன்னு எழுத்துல சொல்லணும்னு கேட்டிருக்கேன். படிச்சுப் பாரு. மாத்தணும்னா மாத்து, நீ என்னை விடப் படிச்சவ. கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபால்ல அனுப்பு, ஒப்புகை அட்டையோட. நகல் ஒண்ணு எனக்கு.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: வில்லங்கம் நெட்லயே பாக்கலாம்னு சொன்னியே, உன் மனைக்கு ஒரு தடவை பாத்துரு. பட்டா நகலும் ஒண்ணு எடுத்து வச்சுக்க. அந்த புரோக்கர் மறுபடி வந்தா, அம்மாகிட்டப் பேசச் சொல்லி என் நம்பரைக் குடு.